மஞ்சள் ஹல்லை நான்தான் தெரிவு செய்தேன்

மஞ்சள் நிறம் எனக்குப் பிடிக்கும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிடிக்காது. ஒரே ஒரு முறை "மஞ்சள்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா எனக்கு வாங்கும் சட்டை, துவாய், குடை எல்லாம் மஞ்சளாகவே வருகின்றன. நான் வாய் திறந்து ஒன்றைச் சொல்வது அபூர்வம் என்பதால், சொன்னதை அம்மா மறப்பதில்லை.

நான் சொன்ன மஞ்சள் ஒரு ஹல். நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கியிலிருந்து எஞ்சினைக் கழற்றி எடுத்தால் மிஞ்சுகிற வெறும் உடலுக்கு அந்தப் பெயர். கொம்பனி மெஷினோடு வரும் ஹல் பாரமானது. தண்ணீரின் மேல் குட்டிக்கரணம் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் அதைக் கழித்துவிட்டு, வேறு ஆட்கள் தனியாகச் செய்து விற்கும் ஹல் ஒன்றை வாங்கி, பழைய எஞ்சினை அதற்குள் இறக்குவார்கள். என் அக்கா ஷாமலாவுக்கு அப்படியொன்று தேவைப்பட்டது. எதை எடுப்பது என்று என்னிடம் கேட்டாள்.

என்னிடம் கேட்டதில் நியாயம் இருந்தது. பத்தாம் ஆண்டோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள், குரல் வரவில்லை, உடுப்பு நனைந்துவிட்டது. அவ்வளவுதான் காரணம். மறுநாள் அக்காதான் போய் அதிபரிடம் பேசினாள். அன்றிலிருந்து குண்டசாலை வீட்டில் இருந்துகொண்டு கொப்பிகளில் எழுதுகிறேன். அக்கா ஜெட் ஸ்கி ஓட்டத் தொடங்கியபோது, ஃபோனில் வருகிற வீடியோக்களைப் பார்த்து ஹல்களின் நீளம், பாரம், எது எதற்கு ஆகும் என்பதையெல்லாம் எழுதிவைத்தேன். இரண்டு கொப்பி நிறைந்தது. ஒளித்துத்தான் வைத்திருந்தேன். அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

அக்காதான் எனக்காகப் பேசுவாள். கடையில், தபால் கந்தோரில், பஸ்ஸில். தனியாகப் போனால், இறங்குகிறேன் என்று கொண்டக்டரிடம் சொல்ல வராமல் இரண்டு ஹோல்ட் தாண்டிப் போய் நடந்து திரும்பி வருவேன். அக்கா கூட இருந்தால் பின்னாலிருந்தே "பஹினவா!" என்று சிங்களத்தில் கத்துவாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் சரியான இடத்தில் இறங்கியிருப்பேன்.

அவள் வேலை செய்தது ரஸீன் நானாவிடம். திகனைக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு தகரக் கொட்டில் இருந்தது. சுற்றுலாக்காரர்களை ஜெட் ஸ்கியில் ஏற்றுவதும் உடைந்த ஃபைபர் படகுகளைத் திருத்துவதும் அவர் தொழில். போன வருடம் மாசி மாதம் மாலைதீவு ஹோட்டல் ஒன்றிலிருந்து ஓர் ஆள் வருவதாக இருந்தது. தினமும் விருந்தாளிகளுக்கு வித்தை காட்ட ஒரு பெண் வேண்டுமாம். அலையில்லாத தண்ணீரில் ஒரு முழுக் குட்டிக்கரணம் அடித்துக் காட்டினால் இரண்டு வருட வேலை.

"ரெண்டே வருசம், புள்ள. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துருவேன்" என்றாள் அக்கா. "அதுக்குள்ள நீ பேசப் பழகிக்க. வாய்க்கு என்ன வாடகையா கேக்குறாங்க?" என்று என் தலையில் குட்டினாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் கோபப்படவில்லை. இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கொட்டிலில் இரண்டு ஹல் இருந்தன. ஒன்று வெள்ளை: ஆறடி எட்டங்குலம், இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம், மூக்குக் குட்டை, அடி வளைந்தது. பின்பக்கம் தண்ணீருக்குள் அமிழ்ந்து, எஞ்சினை முறுக்கியதும் துள்ளி எழும். அலை இல்லாத இடத்துக்கென்றே செய்தது. மற்றது மஞ்சள்: ஏழடிக்கு மேல், பத்துக் கிலோ கூட, பக்கங்கள் உயர்ந்தவை. கடல் அலையில் ஓட்டுகிறவர்களுக்கானது. அலை தூக்கி எறிந்தால் அது சுற்றும். அமைதியான தண்ணீரில் அது எழும்பும், பாதி திரும்பும், பிறகு தலைகீழாக ஓட்டுகிறவரின் மேலேயே விழும்.

இதெல்லாம் என் கொப்பியில் இருந்தது. மஞ்சள் மாதிரியான ஹல் பற்றி எழுதியிருந்த பக்கத்தை முதல்நாளே கிழித்துவிட்டேன்.

"மஞ்சள்" என்றேன். "பெரிசு. தண்ணியில நல்லா நிக்கும். வெள்ள ஆடும்."

நானா தலையைச் சொறிந்தார். "இது கடல்ல ஓட்டுற சாமான் மாதிரி ஈக்கிதே, மகள்?" அவருக்கு எஞ்சின் நன்றாகத் தெரியும். ஓட்டத் தெரியாது.

"விடுங்க நானா. இவ வாயத் தொறக்கிறதே வருசத்துக்கு ஒருக்கா. அதுல பொய் சொல்லுவாளா?" என்றாள் அக்கா. நானா சிரித்தார். எஞ்சினை மஞ்சளுக்குள் இறக்கினார்.

நான் விரும்பியது அவளுக்குக் கரணம் வராமல் போவதை மட்டும். அந்த ஆள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார், அக்கா இரண்டு நாள் அழுவாள், மூன்றாம் நாள் என்னோடு பஸ்ஸில் வருவாள்.

ஐந்து நாள் பழகினாள். ஒவ்வொரு முறையும் பாதியில் கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் கால்கள் கால்பிடியிலிருந்து நழுவி, அவள் தூரமாய்ப் போய் விழுந்து, சிரித்துக்கொண்டு நீந்தி வந்தாள். கால்பிடி என்பது ஓட்டுகிறவர் இரண்டு பாதங்களையும் செருகி நிற்கிற வார். மஞ்சளின் கால்பிடி பெரிய ஆம்பிளைகளின் பாதத்துக்குச் செய்தது. கால் நழுவுவதால்தான் கரணம் வரவில்லை என்று அக்கா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"உள்ளுக்கு ரப்பர் வச்சு இறுக்கித் தா, புள்ள. ஒன் கை நல்ல கை."

பிழை காலில் இல்லை, ஹல்லில்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு நாள் இருந்தது. வெள்ளை ஹல் அங்கேயேதான் கிடந்தது. ஆனால் சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. ரப்பரை வெட்டி ஒட்டினேன். ஒரு மடிப்புப் போதும். நழுவுகிறது என்று இனி அவள் சொல்லக்கூடாது என்பதற்காக இரண்டு மடிப்பு ஒட்டினேன்.

நானாவிடம் ஒரு வழக்கம் உண்டு. கால்பிடியில் யார் கை வைத்தாலும், ஓட்டுகிறவரைப் புல்லின் மேல் ஹல்லில் நிறுத்திப் பக்கவாட்டில் கவிழ்ப்பார். மூன்று எண்ணுவதற்குள் இரண்டு காலும் ஒரே இழுப்பில் வெளியே வர வேண்டும். வராவிட்டால் அது தண்ணீருக்கு இறங்காது. அந்த ஹோட்டல் ஆள் வருகிற சனிக்கிழமை காலை அவர் விருந்தாளிக்குக் கதிரை தேடிக்கொண்டிருந்ததால் அந்த வேலையை எங்களிடம் விட்டார். அக்கா தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். நேரம் போய்விட்டது.

"கவிழ்த்துப் பாத்தீங்களா?" என்று நானா தூரத்திலிருந்து கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நீயே சொல் என்பது போல் கண்ணைச் சிமிட்டினாள். அவளுக்கு அது விளையாட்டு.

"பாத்தாச்சு நானா" என்றேன். குரல் தெளிவாக வந்தது. அக்கா கைதட்டினாள்.

முதல் முயற்சியிலேயே மஞ்சள் நன்றாக உயர்ந்தது. பாதி திரும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது போலிருந்தது. பிறகு தலைகீழாக விழுந்தது. இந்த முறை யாரும் தூரமாய்ப் போய் விழவில்லை. எஞ்சின் நின்றது. தண்ணீரில் மஞ்சள் அடிவயிறு மட்டும் தெரிந்தது. வந்த ஆள் கைதட்டினார். பார்க்க வந்திருந்த அம்மாவும் தட்டினார்.

நானா கதிரைகளுக்குப் பின்னால் நின்றார். வெயில் அவர் கண்ணில் அடித்தது. நான் தண்ணீரின் விளிம்பில் நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரியும்.

"மகள், காலு கழண்டிச்சா? ஆள் எங்க?"

கழலவில்லை. ஹல் இரண்டு முறை உதறியது. கீழேயிருந்து அவள்தான் உதைத்தாள். இல்லை என்று நான் சொன்னால் படகு உடனே போகும், அக்காவை இழுத்து எடுப்பார்கள், இரண்டு மடிப்பு ரப்பரையும் எல்லோரும் பார்ப்பார்கள். கவிழ்த்துப் பார்க்காதது தெரிந்துவிடும். அம்மாவுக்கும் அந்த வெளி ஆளுக்கும் முன்னால் நானா என்னைக் கேட்பார். வகுப்பில் எழுந்து நின்றது மாதிரி நான் நிற்க வேண்டியிருக்கும்.

"கழண்டிருச்சு நானா" என்றேன். "அக்கா அந்தப் பக்கம் ஹல்லப் புடிச்சுக்கிட்டு இருக்கா."

அவர் நம்பினார். விருந்தாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஹல் மறுபடி உதறவில்லை. நாலைந்து நிமிடம் போயும் அக்காவைக் காணாததால்தான் நானா படகை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அம்மாவின் முன்னால் அழுதார். "நான் போய் என்ட கண்ணால பாத்திருக்கணும். புள்ள பயத்துல என்னமோ செல்லிட்டா. புள்ளயில பிழ இல்ல" என்றார். அம்மா என்னை அணைத்துக்கொண்டார். நானா கொட்டிலை மூடிவிட்டார். இன்றுவரை குற்றம் அவருடையது. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம், இரண்டு பொய் சொன்னேன் என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்கா இருக்கிறாள். மூச்சு நின்றிருந்த நேரம் அதிகம் என்பதால் பேச்சு இல்லை, நடையும் இல்லை. வைத்த இடத்தில் இருப்பாள். மாதம் ஒருமுறை த்ரீவீலரில் கிளினிக் கொண்டுபோகிறோம். வரிசையில் நின்று பெயர் சொல்வதும், மருந்து கேட்பதும், முன்னால் நுழைகிறவர்களிடம் சண்டை போடுவதும் நான்தான். குரல் இப்போது தாராளமாக வருகிறது. "அனற் மட்டும் இல்லாட்டி நாங்க என்ன செய்வோம்" என்று அம்மா என்னைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் குனிந்துகொள்வேன். வெட்கப்படுகிறேன் என்று நினைப்பார்கள். அது சரிதான்.

ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது. அம்மா சொக்ஸ் மாட்டும்போது அக்காவின் கால் அசையாமல் கிடக்கும். நான் பாதத்தைப் பிடித்தால் மட்டும் கால் விலுக்கென்று இழுபடும். ஒரே இழுப்பில் கையிலிருந்து வெளியே போய்விடும். நரம்பு தானாகச் செய்கிற வேலை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று டொக்டர் சொன்னார். கொப்பியில் நானும் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.