மோரிக் குழாயில் கட்டிய எர்த் கம்பி

பெயர்: கோவிந்தராஜ். தகப்பனார்: வாசுதேவன் (காலஞ்சென்றவர்). வயது: 62. தொழில்: ஓய்வு பெற்ற வயர்மேன். முகவரி: ரயில் பாதையை ஒட்டிய சந்து, போபோடி, புனே. நாள்: 21.07.2025, காலை 11.20 மணி.

நான் மேற்படி முகவரியில் இருபத்தாறு வருடங்களாக வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். கட்கியில் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். எனக்கு இந்தியும் மராட்டியும் நன்றாகப் பேச வரும். ஆனாலும் இதைத் தமிழில் சொல்ல அனுமதி கேட்டுக்கொண்டதால், தமிழ் தெரிந்த காவலர் அமலா நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். யாரும் என்னை மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தேன்.

19ஆம் தேதி சனிக்கிழமை என் மனைவி பார்வதி, வயது 55, வீட்டில் மின்சாரம் தாக்கி இறந்துபோனாள். வீட்டிலிருந்த மெஷினுக்கு எர்த் கம்பி கட்டியது தான்தான் என்று என் மகன் அருண்ராஜ், வயது 28, நேற்று இங்கே எழுதிக் கொடுத்திருக்கிறான். அது பொய். கட்டியது நான். வழக்கு அவன் மேல் போகக் கூடாது என்பதற்காக நானாகவே வந்திருக்கிறேன்.

அருண்ராஜ் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இந்த மாதம் 5ஆம் தேதி, பிட்காயின் எடுப்பதற்கென்றே செய்த பழைய மெஷின் ஒன்றை யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்தான். தகர டப்பா மாதிரி இருக்கும். முன்னும் பின்னும் ஃபேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதைப் பின் அறையில் வைத்து, பதினைந்து ஆம்பியர் பாயிண்டில் சொருகி, இன்டர்நெட் கேபிளைக் கொடுத்து, அதன் பிறகு அவனுடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என்னென்னவோ நம்பர்களைத் தட்டினான். மெஷின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு எஸ்தர் வந்து எட்டிப் பார்த்தார். இது கணக்குப் போடும், கணக்குச் சரியாக வந்தால் காசு விழும் என்று அவன் விளக்கினான். எனக்கு அதில் பாதி புரியவில்லை. கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று மட்டும் கேட்டேன்.

அதன் பிறகு மெஷினை நகர்த்தப் போனவன் கையை உதறிக்கொண்டு, "அப்பா, பாடியில ஜிவ்வுன்னு கரண்ட் வருது" என்றான். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரிந்தது. எங்கள் வீடு பழைய வீடு. பாயிண்டில் மூன்று ஓட்டை இருந்தாலும் எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பி கிடையாது. பிள்ளைக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று, மெஷினின் பாடியிலிருந்து ஒரு செப்புக் கம்பியை இழுத்துச் சுவரோரமாகக் கொண்டுபோய், துணி துவைக்கும் மோரியில் இருக்கும் இரும்புக் குழாயில் கட்டினேன். பழைய வீடுகளில் இப்படிச் செய்வது வழக்கம். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போவதால், கசியும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். தொழிற்சாலையில் யாராவது இப்படிச் செய்தால் நான் திட்டியிருப்பேன்.

மழைக்காலத்தில் எங்கள் சந்தில் துணி காயாது. மெஷினின் பின்பக்கம் சூடான காற்று வந்ததால் பார்வதி அங்கே கொடி கட்டிவிட்டாள். முதலில் சத்தத்துக்காகத் திட்டியவள் பிறகு, "காசு வருதோ இல்லியோ, துணியாவது காயுது" என்று எஸ்தரிடம் சொல்லிச் சிரித்தாள். அதிலிருந்து தினமும் துவைக்க ஆரம்பித்தாள். திரைச்சீலையைக்கூட விடவில்லை.

17ஆம் தேதி வியாழக்கிழமை காலை, "ஏங்க, கொழாயத் தொட்டா சுருசுருன்னு இழுக்குதுங்க" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சோப்புத்தூளில் கை வெடித்திருக்கும், தேங்காய் எண்ணெய் தடவு என்றேன். தடவிக்கொண்டாள்.

19ஆம் தேதி காலை சுமார் எட்டேமுக்கால் மணிக்கு மோரியில் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. நான் போனபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை குழாயைப் பிடித்திருந்தது. நான் அவளைத் தொடவில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு வந்துதான் தொட்டேன். அப்படித்தான் செய்ய வேண்டும். அதன் பிறகு நானும் அருண்ராஜும் எஸ்தரும் அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் முன்னமே போய்விட்டது என்றார் டாக்டர். பக்கெட்டில் அருண்ராஜின் ஆபீஸ் சட்டைகள் நனைந்தபடி இருந்தன. எஸ்தர் அவற்றை வேறு குழாயில் அலசி அவர் வீட்டில் காயப்போட்டார். நான் இதுவரை அழவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நேற்று மின்சாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து உள்ளே ஒரு வயர் தகரத்தில் உரசித் தோல் போய், முழுக் கரண்டும் பாடிக்கு வந்திருக்கிறது. சுவருக்கு வெளியே துருப்பிடித்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் போன வருடம் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார். அதனால் கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் குழாயிலேயே நின்றிருக்கிறது.

கம்பி கட்டிய இடத்தின் போட்டோவை இந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் காட்டினார். குழாயை உப்புத்தாளால் தேய்த்து, எட்டுச் சுற்றுச் சுற்றி, கிளிப் போட்டு முறுக்கியிருக்கிறது. என் மகனுக்கு வயரின் தோலைச் சீவக்கூட வராது. சந்தேகம் இருந்தால் எங்கள் இருவர் கையிலும் ஒரு கம்பியைக் கொடுத்துக் கட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

வெளியே பிளாஸ்டிக் குழாய் இருப்பது வீட்டில் யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை என்றும் அருண்ராஜ் எழுதிக் கொடுத்திருப்பதாக இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார். நீங்களும் அப்படியே சொன்னால் இருவருக்கும் நல்லது என்று இந்தியில் சொன்னார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

அதுவும் பொய். நான் கம்பி கட்டும்போது அருண்ராஜ் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது அவன், "அப்பா, பாஹர் பிளாஸ்டிக் பைப் போட்டாங்கள்ல, சல்தா ஹை கியா?" என்று, இது சரிப்படுமா என்ற அர்த்தத்தில் கேட்டான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முப்பத்திரண்டு வருசம் கரண்ட்டுல கெடந்தவனுக்கு நீ பாடம் எடுக்கிறியா? டார்ச்ச நேரா புடி" என்றேன். அவன் நேராகப் பிடித்தான்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் திரும்பக் கேட்கவில்லை.

நான் சொன்னதை அமலா இரண்டு முறை படித்துக் காட்டினார். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை. எல்லாம் உண்மை என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வா. கோவிந்தராஜ்