நாய் ஏன் செருப்பைக் கடித்தது?

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"லைன்ல மெஷின் நின்னா அஞ்சு வாட்டி 'ஏன்' கேப்பாங்கல்ல? அத எங்க வூட்டு நாய்க்குப் போட்டுப் பாத்தேண்டி."

"காப்பகத்துலேர்ந்து கூட்டியாந்தியே, அதுக்கா?"

"அதுக்குத்தான். செருப்பு, ரிமோட்டு, வூட்டுக்காரரு ஐடி கார்டு, எல்லாம் காலி. ஏன் கடிக்குது? தனியா கீது. ஏன் தனியா கீது? நா வூட்ல இல்ல. ஏன் இல்ல? ஓ.டி. ஏன் ஓ.டி.? சூப்பர்வைசர் போடறாரு."

"நாலுதான் ஆச்சு. அவரு ஏன் போடறாரு?"

"அவரு வூட்ல நாய் இல்ல."

பஸ்ஸே சிரித்தது. டிரைவருக்குப் பின்னால் இருந்த சூப்பர்வைசர் மட்டும் சிரிக்காமல் திரும்பினார்.

"அந்தக் காப்பகம் எங்க கீதும்மா?"