பள்ளத்துல உள்ளான்

தர்மேந்திரன்: மறைக்காம சொல்லு புனிதாக்கா. பள்ளத்துக்கிட்ட அந்தப் போர்டை நட்டது நீதானே?

புனிதா: எந்தப் போர்டு?

தர்மேந்திரன்: தெரியாதாக்கும்! 'இங்கே உள்ளான்'னு செவப்பு பெயிண்ட்ல... பக்கத்துல எலுமிச்சம்பழம் வேற!

புனிதா: இருக்கறதைத்தானே எழுதியிருக்கு.

தர்மேந்திரன்: யாரு இருக்கான்? முனியாண்டியா? பள்ளத்தை மூட மெஷினை ஓட்டிட்டுப் போனவன், அதைப் படிச்சதும் மெஷினை அப்படியே நிறுத்திட்டு...

புனிதா: இறங்கி ஓடிட்டியா? அடப்பாவி! உள்ளான்னா குருவிடா. நீள மூக்கை வச்சுச் சேத்துல குத்திக் குத்திப் புழு தின்னுமே...

தர்மேந்திரன்: சிரிக்காதக்கா. மேனேஜர் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாரு. அங்க எண்ணெய்க்குச் செம்பனைக் கன்னு நடணுமாம். போயும் போயும் ஒரு குருவிக்கு...

புனிதா: ஒண்ணா? ஒரு கூட்டமே இருக்கு. சைபீரியாவுலேருந்து வருதுங்க. அங்க பனி கரைஞ்சு தரை சேறாகும்போது போய் முட்டை போடணும். இப்ப நல்லாத் தின்னாத்தான் அவ்ளோ தூரம் பறக்க முடியும். லிங்கி ஆத்துப் பக்கம் மத்த பள்ளம் எல்லாம் மூடியாச்சு. எங்க போகும்?

தர்மேந்திரன்: மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?

புனிதா: கெஞ்சினேன். இந்த மாசம் மட்டும் விடுங்க சார்னு. போய் வேலையைப் பாருன்னாரு. அதான்...

தர்மேந்திரன்: அதான் முனியை இழுத்துட்டே.

புனிதா: நான் எங்க முனின்னு எழுதினேன்? ஒரு எழுத்து பொய் இல்ல. எலுமிச்சம்பழம்... சும்மா அழகுக்கு.

தர்மேந்திரன்: அழகுக்கு! நாளைக்கு ரஹாங்லேருந்து வேற டிரைவர் வர்றான். அவனுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. என்ன பண்ணுவே?

புனிதா: பள்ளத்துல இறங்கி நிப்பேன்.

தர்மேந்திரன்: முழங்கால் சேறுக்கா. அட்டை கடிக்கும்.

புனிதா: கடிக்கட்டும் லா.

தர்மேந்திரன்: வேலை போயிடும்.

புனிதா: போகட்டும்! எனக்கு வேற எஸ்டேட் கிடைக்கும். அதுங்களுக்கு வேற பள்ளம் கிடைக்குமா? அதுங்க கிளம்பறவரைக்கும் ஒரு கூடை மண்ணு விழ விடமாட்டேன். நீ வேணா போய் மேனேஜர்கிட்ட சொல்லிக்கோ.

தர்மேந்திரன்: காலையிலேயே சொல்லிட்டேனே... மெஷின் சாவி அந்தப் பள்ளத்துல விழுந்துடுச்சு, முனிக்குப் பயந்து ஒருத்தனும் தேட இறங்க மாட்டேங்கறான்னு. இந்தா, சாவியைப் பிடி. உன் வீட்டுலயே ஒளிச்சு வை. உள்ளான்னா குருவின்னு எனக்குத் தெரியாதாக்கா? நீ பாதியில பின்வாங்கிடுவியோன்னுதான் வாயைக் கிண்டினேன்.