பதினான்காம் படகு நலம்

சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய நிலையில் வைத்துவிடுவது என் வழக்கம், ஐயா. இந்த ஒரு முறைதான் விட்டுவிட்டேன். அதனால்தான் விசாரிக்க வந்த உங்கள் கையில் அந்தக் கோப்பு கிடைத்தது. மொத்தமே இருபத்திரண்டு வரி. கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை.

அது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், கணினிக்கு வரிசையாக இடும் கட்டளைகள். சென்னைக் கம்பெனியில் எனக்கு அதுதான் பிழைப்பு. ஒரு சர்வர் எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்ப்பதற்காக, பொய்ச் செய்திகளைப் பாக்கெட்டுகளாகக் கட்டி நொடிக்கு நூறு, ஆயிரம் என்று அனுப்புவேன். மூட்டை மேல் மூட்டை ஏற்றி, வண்டியின் அச்சு எப்போது முறியும் என்று பார்ப்பது போலத்தான்.

எங்கள் பழவேற்காட்டுக் குப்பத்துக்கும் ஒரு சர்வர் அமைத்துக் கொடுத்தேன். படகுக்கு ஒரு சின்னப் பெட்டி. அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'நலம்' என்று கரைக்குச் சொல்லும். மீனவர் சங்கக் கட்டடத்துத் திரையிலும் வீட்டார் போனிலும் படகின் எண் பச்சையாகத் தெரியும். ஆபத்தென்றால் பொத்தானை அமுக்க வேண்டும், எண் சிவப்பாகும். கடைசியாக வந்த செய்தி எதுவோ, அதுதான் திரையில் நிற்கும். அலை அடித்தே பொத்தான் அமுங்கி, இரண்டு முறை ஊரே கடற்கரைக்கு ஓடியது. அதனால் சிவப்பு பத்து விநாடி நின்றால் மட்டும் சங்கு ஊதட்டும் என்றார் தலைவர் நீலமேகம். அப்படியே வைத்தேன்.

யார் எந்தப் படகைப் பார்த்தார்கள் என்பதும் சர்வரில் பதிவாகும். சோதனை செய்கிறவன் பதிவைப் படிக்காமல் இருக்க முடியாது. ஆவணி வரை என் மனைவி சுபஸ்ரீ அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. புரட்டாசியில் ஒரே நாளில் நாற்பத்தொரு முறை திறந்திருந்தாள். எல்லாம் பதினான்காம் எண். தீனாவின் படகு.

சுபஸ்ரீயை முதலில் தீனாவுக்குத்தான் பேசினார்கள். ஜாதகம் ஒத்துவரவில்லை, எனக்கு வந்தாள். அந்தப் பதிவைப் பார்த்ததும் வயிறு எரிந்தது, மறைப்பானேன்? அனுப்பம்பட்டில் ரயிலேறி வேலைக்குப் போய் நான் திரும்பும்வரை, எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் ஒரு போன் செய்ததில்லை. நான் கட்டிய திரையில் இன்னொருவனைத் தேடினாள். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை போடுவது என் குணமல்ல.

ஐப்பசியில் அன்றைக்கு வாடைக் காற்று பலமாக இருந்தது. காலை எட்டு மணிக்குச் சோதனை நடக்கும் என்று நீலமேகத்திடம் சொல்லிவிட்டு, வீட்டில் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தேன். ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பதினான்கு சிவப்பானது. அடுப்படியில் சுபஸ்ரீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனாள். அவனுக்காக அந்த முகம் வாடுவதை என்னால் பார்க்க முடியாது. ஆறாவது விநாடியில் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன்.

சோதனைக்கு நான் வைத்திருந்த எண் தொண்ணூற்றொன்பது. அப்படி ஒரு படகு கிடையாது. அன்று போனதோ 'பதினான்கு நலம், பதினான்கு நலம்' என்று நொடிக்கு நூறு. நடுவில் முப்பத்தேழு முறை அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சிவப்பும் கண் இமைப்பதற்குள் பச்சைக்குள் மறைந்தது. சர்வர் திணறவேயில்லை. நன்றாகத்தான் கட்டியிருந்தேன்.

முகத்துவாரத்தில் ஏதோ படகு தத்தளிக்கிறது என்று எங்கள் குப்பத்து லோகநாயகி அக்கா சங்கத்துக்கு ஓடிவந்து சொன்னாளாம். நீலமேகம் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு பயப்படறே? எல்லாம் பச்சையாத்தான் கீது" என்று அனுப்பிவிட்டார். பதினோரு மணிக்குப் படகு கவிழ்ந்த நிலையில் கரை ஒதுங்கியது. யார் கண்ணு பட்டுதோ என்றார்கள் ஊரார்.

ஆறு விநாடியில் எண்ணை மாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. முந்தைய வாரமே மாற்றி வைத்திருந்தேன். வாடை எழும்பும் நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

படகில் இரண்டு பேர் என்பதும் எனக்குத் தெரியும். சுபஸ்ரீயின் தம்பி சரவணன் புரட்டாசியில்தான் தீனாவோடு தொழிலுக்குப் போக ஆரம்பித்தான். கடல் அவனுக்குப் புதிது. அவன் விஷயத்தில் எனக்கு வருத்தம்தான்.

அவள் தம்பியைத்தான் தேடியிருப்பாள் என்கிறீர்கள். அவளோடு வாழ்ந்தவன் நான், ஐயா. உடல்களைக் கொண்டுவந்து கிடத்தியபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி நல்லா கீறான்னுதானே காட்டிச்சு? பச்சையாத்தானேங்க இருந்துச்சு?" என்று கேட்டு அழுதாள். அன்றிலிருந்து தம்பி, தம்பி என்றுதான் புலம்புகிறாள். தீனாவின் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

எவ்வளவு கவனமாக மறைக்கிறாள், பாருங்கள்.