வாயுதான்

நான் பொதுவாக யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் எனக்கு நல்ல பெயர் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நெஞ்சுவலி என்று வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்கள் மேலேயே மரியாதை விட்டுப்போயிற்று. மூக்குமுட்டத் தின்றுவிட்டு, வீட்டில் சண்டையும் போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் விழுவார்கள். கூட வந்த கூட்டம் அதற்கு ஒத்து ஊதும். நிஜமாகவே மாரடைப்பு வந்தவர்களில் பலர் ஊரைக் கூட்டமாட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து, அடங்கிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் நான் கெட்டிக்காரன். விசாரிக்க வந்திருக்கும் நீங்களே அதை மறுக்கமாட்டீர்கள்.

அன்று வந்தவர் என் மனைவியின் அண்ணன். ஊரைக் கூட்டுவதே அவர் பிழைப்பு. கல்யாணமான நாள்முதல் என்னை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார். நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் வாயைத் திறந்தால் போதும், ஊசி பேசுது, எல்லாரும் கையை நீட்டுங்க என்பார். வீடே சிரிக்கும். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

அன்று அவர் சத்தம் போடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலி தாடைவரை இழுக்கிறது என்றார். சர்க்கரை உண்டு. சிகரெட் விட்டதே இல்லை. அவர் அப்பா கிட்டத்தட்ட இந்த வயதில் இப்படித்தான் போனார். அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன்.

முதல் ஈசிஜி சுத்தமாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும் அப்படியே. வலி தொடங்கியதும் ஓடிவந்தால் அப்படி இருக்கலாம். அதை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, படுக்கவைத்துத் திரும்பவும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களுக்குப் பாடம் நடத்துகிறவனே நான்தான். நர்ஸும் தயங்கித் தயங்கி அதைத்தான் கேட்டாள். தேவையில்லை, அடுத்தவரைப் பார் என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, பயமா இருக்கு. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

ஊசி இல்லை, மாப்ள. அதுவும் 'நீங்க'.

"வாயுதான் மச்சான். லிஃப்ட் வேண்டாம், படியில இறங்கி நல்லா நடங்க. கலைஞ்சிடும்."

சரி என்று தலையாட்டி எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கியதை மேலே நின்று பார்த்தேன். கீழ்த் திருப்பத்தில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். காவலாளி கத்திய பிறகுதான் நான் இறங்கினேன். ஓடவில்லை.

கவனக்குறைவு என்று எழுதப் பார்க்கிறீர்கள். அது கற்றுக்குட்டிகள் செய்வது; என் தலையில் அதைக் கட்டாதீர்கள். அவர் கதவைத் தாண்டி உள்ளே வந்தபோதே எனக்குத் தெரியும். படியில் இறங்கினால் என்ன ஆகலாம் என்றும் தெரியும்.

என் மனைவி அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள், போனை எடுப்பதில்லை. அவளிடம் இதை மட்டும் சொல்லுங்கள். அவர் பயத்தோடு போகவில்லை, நிம்மதியாகத்தான் போனார். அந்த வீட்டில் என் வார்த்தையை நம்பியவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் போய் நான் கெடுதல் நினைப்பேனா.