ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்த சேவல்

ஞாயிற்றுக்கிழமை மதியம், தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் கால் கட்டிய சேவல். அவள் அதனிடம் சொன்னாள்: "உன்னை ஆப்பிரிக்காவுல உள்ள பட்டினிக்குக் குடுத்தாச்சுன்னுல்லா நினைச்சேன். இப்ப திரும்பி எங்கூட வாற."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "சர்ச் ஏலத்துக்கு நீதானே ஜெசி கொண்டு வந்த? பெறவு நீயே ஏலம் பிடிச்சிட்டியே?"

"போதகர்தான் சொன்னாரு, ஆப்பிரிக்காவுல எத்தனையோ பிள்ளைங்க பசியோட தூங்குது, அதுகளுக்காக வீட்டுல பிரியமானதைக் கொண்டு வாங்கன்னு. கொண்டு வந்தேன். ஏலம் போடையில இது என்னைப் பாத்து ஒரு கூவு கூவிச்சு. கையைத் தூக்கிட்டேன்."

"தூக்குன கையை இறக்கவே இல்லையே."

"எப்படி இறக்க? பின்னால நின்னு ஒரு ஆளு விடாம விலையை ஏத்திக்கிட்டே இருந்தாரு. பெரிய வாழைக்குலைக்குக்கூட அந்த விலை போவல. யாருன்னு திரும்பிப் பாக்கவும் நேரமில்ல."

மற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரருதான். நீ எப்படியும் விடமாட்டேன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நல்ல காரியந்தானே ஏட்டி, அந்தப் பிள்ளைங்க வயிறு நிறைய சாப்பிடட்டும்."

சண்டை வரும் என்று காத்திருந்தேன். ஜெசி சேவலின் கொண்டையை நிதானமாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடட்டும். நீ பால்குப்பி வச்சு வளக்குத ஆட்டுக்குட்டி இருக்குல்லா ரோஸ்லி? அடுத்த வருசம் அதைக் கொண்டு வா. பின்னால நான் நிக்கேன்."