சுக்கானை நான் தொடவில்லை

எங்கள் படகு சின்னது. இரண்டு பேருக்கு மேல் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும். அதனால் தம்பி பின்னால் சுக்கான் பிடிப்பான், நான் முன்னால் பாயைப் பார்த்துக்கொள்வேன். அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அப்படித்தான் இருந்தது.

இந்த மாதிரிப் படகு கட்டுவதுதான் எங்கள் தொழில். ஒல்லியாக இரண்டு உடல், நடுவே ஒரு மேடை, ஒரு பாய். பக்கவாட்டில் சறுக்காமலிருக்க ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். அதை நிமிர்த்திப் பிடிப்பது ஒரு மர ஆணி. பாறையில் இடித்தால் ஆணி ஒடியும், பலகை பின்னால் மடங்கி மேலே வரும், படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சுக்கானுக்கும் அதே ஏற்பாடு. இரண்டும் நான் யோசித்துச் செய்தவை. மற்றவர்கள் சுற்றிப்போகிற மணல்திட்டு, பாறைத்திட்டையெல்லாம் நாங்கள் குறுக்கே தாண்டுவோம். "அக்கா ஆணி இருக்க எனக்கென்ன பயம்" என்பான்.

தம்பி பெண்டாட்டி நல்ல பெண். எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வந்தபோது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே தெரியாது. ஒரே கோடையில் எல்லாம் கற்றுக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தாள். கரையிலிருந்து பார்த்தால் இருவரும் பேசிச் சிரிப்பது தெரியும். படகில் என்ன பேச்சு? நாங்கள் பேசியதே இல்லை. அவன் நினைப்பது பாய்க்கயிற்றிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்: "பாயை இவ பிடிக்கிற மாதிரி யாரும் பிடிக்க முடியாதுக்கா. நீகூட இவ்வளவு லேசா பிடிச்சதில்ல."

நானும் சிரித்தேன். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினேன்.

மர ஆணியின் அளவிலேயே எஃகில் ஒன்று கடைந்து, மர நிறத்தில் பெயிண்ட் அடித்தேன். பலகையில் மட்டும்தான் போட்டேன். சுக்கானை நான் தொடவில்லை. அவன் கைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. முன்னால் இருப்பவளுக்குப் பிடித்துக்கொள்ளக் கயிறு மட்டும்தான். நேர் எதிரே பாய்மரம்.

அன்று காலை நல்ல காற்று, தண்ணீர் வற்றியிருந்தது. அவளே என்னிடம் வந்தாள்.

"அண்ணி, இன்னிக்கு நீங்க போங்க. ரொம்ப நாளாச்சுல்ல. நான் கரையில இருக்கேன்."

நான் நினைத்ததைவிட நல்ல பெண். ஆனால் அவள் கொடுத்து நான் வாங்கிக்கொள்கிற இடமா அது?

"பரவாயில்ல, நீயே போம்மா" என்றேன். அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் வாரை நானே இறுக்கிவிட்டேன். அக்கறை இல்லாதவள் அதைச் செய்வாளா?

பாறைத்திட்டில் படகு நின்றது. அவள் நிற்கவில்லை.

தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு கரையேறியபோது நான் துண்டோடு காத்திருந்தேன். அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அவனுக்குத்தான் போர்த்தினேன்.

அடக்கம் முடிந்தபின் அவன் பலகையைக் கழற்றினான். உள்ளங்கையில் ஆணியை வைத்து நீட்டினான்.

"அக்கா, இது யாரு போட்டது?"

"நான்தான்" என்றேன். அவனிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

அவளைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் புத்தி எனக்குக் கிடையாது.

தம்பி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கும். ஒத்தை ஆளாக என்ன செய்வான், பாவம்.